எதிர் வண்டிக்காரன் கை

பஸ் டீசலில் ஓடுகிறது என்ற நம்பிக்கை நம் நாட்டில் படித்தவர்களிடையேகூடப் பரவலாக இருக்கிறது. தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் மேனேஜராகக் காலம் தள்ளியவன் என்ற முறையில், மிகுந்த வருத்தத்துடனும் பொறுப்புணர்ச்சியுடனும் இதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. டீசல் வெறும் துணைப்பொருள். பஸ் ஓடுவது தகவலில். முன்னால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரிந்தால் வண்டி ஓடும். தெரியாவிட்டால், டேங்க் நிரம்ப டீசல் இருந்தாலும் வண்டி நின்றுவிடும்; அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. இந்த இரண்டாவது வகையைத்தான் பேப்பரில் போடுவார்கள்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் பிற்பகுதி. செல்போன் என்பது சென்னையில் சிலர் கையில் இருப்பதாகக் கேள்விப்பட்ட காலம். எங்கள் கம்பெனிக்கு உத்திரமேரூரில் ஆறு பஸ்கள். நெல் மண்டிகளுக்குப் பின்னால் ஒரு ஷெட். ஷெட்டின் மூலையில் மின்விசிறியோடு ஓர் அறை. அந்த அறையில் சரித்திரத்தில் எம்.ஏ. படித்த நான். ஊராளும் சபையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. ஆனால் எங்கள் ஷெட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பது எந்தக் கல்லிலும் இல்லை, காகிதத்திலும் இல்லை. அதை எழுத்தில் கொண்டுவரப் புறப்பட்டபோது நடந்தவை இவை. நீங்களும் ஏதாவது ஓர் ஆபீசில் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவராகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

டிக்கெட்டும் கையுமாக

எங்கள் தடங்களில் ரோடு ஒற்றை வண்டி அகலம்தான். எதிரெதிரே வரும் பஸ்கள் வேகத்தைக் குறைத்து, ஆளுக்கு ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் தாண்ட முடியும். அந்தச் சில வினாடிகளில் டிரைவர்கள் கையால் பேசிக்கொள்வார்கள். தலையில் தொப்பி வைப்பதுபோல் காட்டினால் வழியில் அதிகாரி. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மாடோ ஊர்வலமோ வருகிறது, மெதுவாகப் போ. கையை ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டினால் அந்தப் பக்கமாகவே ஒட்டிப் போ, மறுபக்கம் ரோடு சரியில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க நேரே பார்த்துக்கொண்டு போனால் பாதை சுத்தம். நம் கம்பெனி, போட்டிக் கம்பெனி, நெல் லாரி என்ற பேதமெல்லாம் இந்தக் கைக்குக் கிடையாது.

இதனால் அதிகம் கஷ்டப்பட்டவர் எங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணன். டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கும் கண்டக்டரைப் பிடிப்பது அவர் வேலை. பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால், சவுக்குத் தோப்புக்குள், ஒருமுறை வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் என்று எங்கெங்கோ ஒளிந்து நிற்பார். யாராவது ஒரு டிரைவர் கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு அந்தத் தடம் முழுவதும் யோக்கியமாகிவிடும். ஒரு வாரம் இப்படி நின்று பார்த்துவிட்டு, சனிக்கிழமை மாலை என் மேஜைமேல் தொப்பியைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "சார், நான் ஏர்ற வண்டில மட்டும் கைக்கொயந்தகூட டிக்கெட்ட புட்ச்சிக்கினு குந்திக்கினு கீது. என்னிய செக் பண்ண வுடறாங்களா, இல்ல வழியனுப்பி வக்கிறாங்களா?"

திங்கட்கிழமை ஞானம்

பெரிய முதலாளிக்கு இதெல்லாம் தெரியும். தெரியாததுபோல் இருப்பது அவர் நிர்வாகம். அவருடைய மகன் இர்ஃபான் சென்னையில் நிர்வாகப் படிப்பு முடித்துவிட்டு வந்து ஷெட்டில் நாற்காலி போட்டதும் நிலைமை மாறியது. கெட்ட பையன் இல்லை. டிரைவர்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். வந்த முதல் வாரமே என்னிடம் சொன்னான்: "சார், நம்ம கம்பெனியோட பெரிய சொத்து பஸ் இல்ல. இவங்க தலைக்குள்ள இருக்கிறதுதான். அது தினம் ராத்திரி சைக்கிள் ஏறி வீட்டுக்குப் போயிடுது. என்னிக்காவது ஒருநாள் திரும்பி வராமப் போனா என்ன பண்ணுவோம்?" அதில் பிழை கண்டுபிடிக்க நானும் முயன்றேன். முடியவில்லை.

ஆகவே திங்கட்கிழமை காலை கூட்டம். கரும்பலகை வந்தது. ஒவ்வொருவரும் அந்த வாரம் கற்றுக்கொண்ட ஒன்றை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். முதலில் கண்டக்டர் ஏழுமலை எழுந்து, "மய பேஞ்சா ரோடு வழுக்குது சார்" என்றார். இர்ஃபான் அதைப் பலகையில் எழுதினான். அடுத்தவர் சனிக்கிழமை கூட்டம் அதிகம் என்று தெரிவித்தார். அதுவும் பலகையில் ஏறியது. தெரிந்ததை மறைக்க, எல்லாருக்கும் தெரிந்ததையே சொல்வதைவிட நல்ல வழி இல்லை என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன், பகிர்ந்துகொள்ளவில்லை. கடைசியாக தனபால் முறை வந்தது. சாலவாக்கம் தடத்து டிரைவர். தன்னைவிட நன்றாக ஓட்டுகிறவன் செங்கல்பட்டு தாண்டி இருந்தாலும் இருக்கலாம், இந்தப் பக்கம் இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறவர். மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து அவர் சொன்னது: "நான் கத்துக்கினது ஒண்ணு கீது தம்பி. திங்கக்கெயம ஃபர்ஸ்ட் டிரிப்பு லேட்டாவுது."

பச்சையும் நீலமும்

கூட்டம் பலிக்காததால் இர்ஃபான் ஆறு பஸ்களை இரண்டு டீமாகப் பிரித்தான். மூன்று வண்டிக்குப் பச்சை ரிப்பன், மூன்று வண்டிக்கு நீல ரிப்பன். மாதக் கடைசியில் எந்த டீம் நன்றாக ஓட்டியதோ அதற்குப் பிரியாணியும் பரிசும். ஒரே டீமுக்குள் தகவல் தாராளமாகப் பரவும் என்பது திட்டம். பரவியது. அந்த வட்டத்தைத் தாண்டி ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. எந்த ஊரில் கல்யாணம், எந்தக் கோயிலில் விசேஷம், எங்கே நின்றால் கூட்டம் ஏறும் என்பதெல்லாம் பச்சைக்குத் தெரிந்தால் நீலத்துக்குத் தெரியாது.

ஒருநாள் வந்தவாசி ரோட்டில் நீல வண்டி ஒன்று ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, ஆவி விட்டுக்கொண்டு நின்றது. பின்னால் வந்த பச்சை வண்டியில் இடமும் இருந்தது, வேறு ஹோஸும் இருந்தது. அது ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நிறுத்தி உதவியது எங்கள் வண்டி அல்ல. போட்டிக் கம்பெனி டிரைவர் மன்னார். தனபாலும் மன்னாரும் ஒரே காலத்தில் லைசென்ஸ் எடுத்தவர்கள். கம்பெனி வேறானாலும் டீக்கடை ஒன்று. வெயிலில் காத்திருந்த பயணிகளில் ஓர் அம்மாள் வெற்றிலைக் கூடையோடு நேராக எங்கள் ஷெட்டுக்கே வந்து, இர்ஃபானை நிமிர்ந்து பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்: "ரெண்டு வண்டிக்கும் நீதான நைனா மொதலாளி? அண்ணந்தம்பி சண்டைய வூட்டோட வச்சிக்கோ. எங்கள இன்னாத்துக்கு ரோட்ல காய வக்கிற?"

பாதி அவனுது

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் அரசு பஸ்ஸுக்கு டிரைவர்கள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. தனபாலுக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்தோடு, வேலை செய்த இடத்திலிருந்து அனுபவச் சான்றிதழ் வைக்க வேண்டும்: இத்தனை வருஷம் ஓட்டினார், விபத்து எதுவும் இல்லை என்று முதலாளி கையெழுத்துப் போட்டது. தனபாலின் கணக்கில் ஒரு கோழிகூடக் கிடையாது. தலையை நிமிர்த்திக்கொண்டு வந்து கேட்டார்.

இர்ஃபான் எழுந்து நாற்காலி கொடுத்தான். "தர்றேன்ணே. நீங்க போறது கஷ்டமாத்தான் இருக்கு, தடுக்க மாட்டேன். ஆனா போறதுக்கு முன்னாடி அந்தக் கை சைகை எல்லாத்தையும் சாருக்குச் சொல்லிட்டுப் போங்க. அதை வச்சித்தான் கண்டக்டருங்க நம்மள ஏமாத்துறாங்க."

"அது எங்கூட்டு சொத்து இல்ல தம்பி. பாதி அந்தாண்ட வர்றவனுது. அவன் பங்கையும் சேத்து நான் எப்டி எய்திக் குடுக்கறது?"

"நம்ம வண்டியில, நம்ம சம்பளத்துல கத்துக்கிட்டது நம்ம கம்பெனியோடதுதானேண்ணே?"

"அப்டி பாத்தா எங்கூட்டுக்காரிகிட்ட திட்டு வாங்கக் கத்துக்கினதும் கம்பெனியுதுதான். உங்க வண்டி லேட்டாப் போயித்தான் கத்துக்கினேன்" என்று சொல்லிவிட்டு தனபால் நாற்காலியை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. மேனேஜர் வேலையின் தலையாய சங்கடம் இது. சில நாள் கழித்து, ஷெட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து தனபால் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அட்த்த வருசம் எனக்கு வயசு கொறையுமா சார்? எய்திக்கோ. மொதல்ல தொப்பி."

மருதாணி

நான் எழுதி வைத்த சைகைகளை இர்ஃபான் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டிடம் கொடுத்து, தகரத்தில் வண்ணப்படமாக வரைந்து வரச் சொன்னான். ஆர்ட்டிஸ்ட் அதுவரை ஜவுளிக்கடைகளுக்கு மட்டுமே படம் போட்டவர். ஆகவே படத்தில் இருந்த கைகள் எல்லாம் மெலிந்து, சிவந்து, நகம் நீண்டு இருந்தன. கீழே ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி, ஷெட் வாசலிலேயே மாட்டினோம். டிரைவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். தனபால் பார்க்கவே இல்லை. சான்றிதழ் என்ன ஆயிற்று என்று நான் கேட்டபோது, "இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்ச நாள் பார்ப்போம் சார். கடைசித் தேதிக்கு முன்னாடி கண்டிப்பாப் போட்டுத் தர்றேன்" என்றான் இர்ஃபான். கூடவே ஓர் உத்தரவும் வந்தது: இனிமேல் எங்கள் டிரைவர்கள் எந்த வண்டிக்கும் கை காட்டக் கூடாது. அந்த மாதத்தில் கிருஷ்ணனிடம் இரண்டு கண்டக்டர்கள் பிடிபட்டார்கள் என்பதையும் நியாயத்துக்காக இங்கே சொல்லிவிடுகிறேன். படத்தின் முன் முதலில் வாய் திறந்தவர் ஏழுமலைதான். தனபாலைத் தோளில் இடித்துச் சொன்னார்: "அண்ணே, ஒன் கைக்கு மருதாணி வச்சி வுட்டுக்கிறாங்கடோய்."

ஸ்டீயரிங்கில் இரண்டு கை

இதை எனக்குச் சொன்னவர் ஏழுமலை. அன்று ஏதோ திருவிழா. தனபால் வண்டியில் கிருஷ்ணன் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பானட்டின் மேலேயே உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்ப்பதற்கு. ஒரு திருப்பத்தில் அதிகாரிகளின் ஜீப் நின்றது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தனபால் வண்டியைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று விட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் எதிரே மன்னார் வண்டி வந்தது. கூரைமேல் ஆள், ஏணியில் ஆள், படியில் கொத்தாக ஆள். இரண்டு வண்டியும் மண்ணில் இறங்கித் தாண்டத் தொடங்கின. மன்னார் வழக்கம்போல் தனபாலின் கையைப் பார்த்தார்.

தனபாலின் வலது கை ஸ்டீயரிங்கை விட்டு மேலே எழுந்தது. தோள் உயரம் வந்திருக்கும் என்கிறார் ஏழுமலை. வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. கிருஷ்ணன் குரலை உயர்த்தவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தனபாலு, சர்டிபிகேட்ல இன்னும் கையெய்த்து ஆவல."

டீக்கடைத் தீர்ப்பு

கை இறங்கியது. மன்னார் பாதை சுத்தம் என்று நம்பி நேராக ஜீப்பின் முன்னால் போய் நின்றார். வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூரைமேல் இருந்த ஜனம் பெண்டு பிள்ளைகளோடு வெயிலில் நடந்து வீடு சேர்ந்தது. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தனபால் தன் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்ததும், அதில் இருந்த நான்கைந்து டிரைவர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நான் எதிரே மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். மாத்திரைக்கு நல்ல நாள். தனபால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "ஒனக்கு இன்னாத்துக்கு நைனா இனிமே எங்க கை? அதான் தகரத்துல எய்தி மாட்டிக்கினியே. அத்தப் பாத்துக்கினு வண்டி ஓட்டு."

தரைப்பாலம்

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. உத்திரமேரூர் ஏரி நிரம்பி, சின்ன ஏரிகளும் நிரம்பி, கலங்கல் தண்ணீர் ரோடு என்றும் வயல் என்றும் பாராமல் ஓடியது. ஒரு பயணியின் புகாரை விசாரிக்க நான் சாலவாக்கம் போயிருந்தேன். பிற்பகல் தனபால் வண்டியிலேயே திரும்பினேன். என் பையில் தனபாலின் சான்றிதழ் இருந்தது. முந்தின நாள் டைப் அடித்தது. விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசித் தேதி. அன்று மாலை கையெழுத்துப் போடுவதாக இர்ஃபான் வாக்குக் கொடுத்திருந்தான். வண்டி நிறைய ஆள். எல்லா ஷட்டரும் மூடி, உள்ளே ஈர ஆட்டு வாசனை.

வழியில் ஒரு தரைப்பாலம். மழை நாளில் தண்ணீர் அதன்மேல் வழிந்து ஓடும். கணுக்கால் அளவு இருந்தால் வண்டிகள் போகும். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே மன்னார் வண்டி வந்தது. பாலத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறது, சக்கரமெல்லாம் தண்ணீர் சொட்டியது. அதன் கிளீனர் தொடைவரை நனைந்து படியில் நின்றான். அவன் தண்ணீரில் முன்னால் நடந்து, காலால் ரோட்டைத் தடவிப் பார்த்து வண்டியை அழைத்து வந்திருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு வண்டியும் மண்ணில் இறங்கின. நான் மன்னாரையே பார்த்தேன். அவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டு போனார்.

"ரோடு சரியா கீது சார்" என்றார் தனபால்.

மன்னார் இனி எங்களுக்குக் கை காட்ட மாட்டார் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் மனசுக்குத் தெரிந்த சேதி காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஆக்சிலேட்டரில் இருந்தது கால். எத்தனையோ வருஷமாக அந்தக் கால் ஸ்டீயரிங்கில் இருக்கும் இரண்டு கையைப் பார்த்து ஓடிப் பழகியது. வண்டி எந்த ஓரமும் ஒட்டாமல் பாலத்தின் நட்டநடுவே இறங்கியது. பாதி தூரம் போயிருக்கும். வலது முன்சக்கரம் ஒரு படி இறங்கியதுபோல் இறங்கியது. பிறகு இன்னொரு படி. வண்டி வலப்புறம் சாய்ந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. மழையும் தண்ணீரும் போடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகுதான் ஜனங்கள் கத்தினார்கள்.

"எல்லாம் எடது பக்கம் வாங்க! யாரும் குதிக்காதீங்க!" தனபால் திரும்பிப் பார்க்காமல் கத்தினார். அவர் இரண்டு காலும் பிரேக்கின் மேல் இருந்தன. எங்கள் வண்டிகளின் ஹேண்ட் பிரேக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கால் எடுத்தால் வண்டி வலப்புறப் பள்ளத்தை நோக்கி நழுவும் என்பது மட்டும் அந்த வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஏழுமலை பின்வாசலில் இறங்கி விசில் அடித்தார். இளவட்டங்கள் கைகோத்து, கரைவரை ஒரு சங்கிலிபோல் நின்றார்கள். பெண்கள், குழந்தைகள், பிறகு ஆடு. ஒரு பெரியவர் இறங்க மறுத்து, "எஞ் சைக்கிள் மேல கீதுப்பா" என்று கூரையைக் காட்டினார். அவரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் வண்டி முனகி, ஒரு விரற்கடை சாய்ந்தது. நான் இறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. பையைத் தலைக்குமேல் பிடித்திருந்தும் நனைந்துவிட்டது. கரையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். வண்டிக்குள் தனபால் மட்டும் இருந்தார். சாய்ந்த பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால், இடுப்புவரை தண்ணீரில்.

"அண்ணே, வந்துடு!" என்றார் ஏழுமலை.

"கால எட்த்தா போவும்டா. நீங்க அந்தாண்ட போங்க" என்றார் தனபால்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. விடாமல் அடித்த ஹாரன். அந்த ஒற்றை ரோட்டில் திருப்ப இடமில்லாமல், ரிவர்ஸிலேயே வந்துகொண்டிருந்தது மன்னார் வண்டி. கிளீனர் பின்னால் ஓடிக்கொண்டே, வா, வா என்று தட்டினான். மன்னார் குதித்து இறங்கி, கூரையில் மூட்டை கட்டும் வடத்தை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். எங்கள் வண்டியின் பின்பக்கத்தையும் அவர் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கட்டி, வடம் விறைக்கும்வரை மெல்ல முன்னால் நகர்த்தினார். வடம் தாங்கியது. அதன்பிறகு தனபால் காலை எடுத்து, சீட்டு சீட்டாகப் பிடித்து ஏறி, இடது வாசல் வழியாக வந்தார். கரைக்கு வந்து உட்கார்ந்தார்.

"எடது பக்கம் ஒட்டி வராம நடுவுல ஏண்டா வுட்ட?" என்றார் மன்னார்.

"நீ ஒண்ணும் காட்டலியேடா!"

மன்னார் தலைத்துண்டைப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கி நீ காட்ன அதே கையத்தான் நானும் காட்னேன்."

தேதி

டிராக்டர் வைத்து வண்டியை இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சைக்கிளும் பத்திரம். சேதி கேட்டு வந்த இர்ஃபான், இருட்டும்வரை தரைப்பாலத்தின் கரையிலேயே நின்று மன்னாரின் வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஏழுமலை சொன்னார். மறுநாள் காலை நான் முதல் ஆளாக ஆபீசுக்கு வந்து, நனைந்து கூழாகிவிட்ட சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை எழுத்துக்கு எழுத்து மறுபடி டைப் அடித்தேன். எழுத்துக்கு எழுத்து என்றால் தேதியும்தான்.

இர்ஃபான் அதை இரண்டு முறை படித்தான். தனபால் வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை, கேட்கவும் இல்லை.

"சார், நேத்து நடந்தது விபத்துதானே?"

"சந்தேகமே இல்லை தம்பி."

"இதுல விபத்து எதுவும் இல்லைன்னு இருக்கு."

"இந்தத் தேதி வரைக்கும் இல்லை என்றுதான் இருக்கிறது" என்றேன். "சாசனம் எழுதப்பட்ட நாளுக்குப் பிறகு நடந்ததற்குச் சாசனம் பொறுப்பல்ல." என் எம்.ஏ. பட்டம் அந்தக் கம்பெனிக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

இர்ஃபான் பேனாவைத் திறந்தான். மறுபடி மூடினான். வாசலைப் பார்த்து, "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றான். "அவ்வளவு கோவத்துல போன மன்னார், ஏன் திரும்பி வந்தாரு? உங்களுக்குள்ள அதுக்கும் ஏதாவது ஏற்பாடு இருக்கா?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். தனபால் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு அந்த மீசைக்கு அடியில் ஒரு சிரிப்பு வந்தது. "அத்த மட்டும் கேக்காத தம்பி. அப்பால அதுக்கும் ஒரு தகரம் அடிச்சி மாட்டிடுவ."

இர்ஃபான் கையெழுத்துப் போட்டான். விண்ணப்பம் அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்தது. சில மாதம் கழித்து வேலை வந்தது. தனபாலை மேற்கே மலைப்பக்கம் ஒரு டெப்போவில் போட்டார்கள். சாலவாக்கம் வண்டிக்கு வந்த புது டிரைவர் மன்னாருக்குப் பழக்கமில்லாதவர்; அவருக்கு யாரும் கை காட்டவில்லை. ஆகவே மழை நாட்களில் எங்கள் வண்டி தரைப்பாலத்துக்கு முன்னால் நின்று, எதிர்க் கம்பெனி வண்டி தாண்டி வந்த பிறகுதான் இறங்கியது. அந்த ஒரு டிரிப்புக்கு மட்டும் டைம்டேபிளில் பத்து நிமிஷம் கூட்டிப் போட்டோம்.